கோபம் வந்தால் திறக்கும் மூக்கு

6 மே 2025, செவ்வாய்

மூக்கு அடைப்பு. காலை நாலரைக்கு என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பும்போது நான் ஹாலில் நாற்காலியில் சாய்ந்தபடி வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். படுத்தால் முட்டுகிறது. ஆறு மாதமாக இதுதான் என் படுக்கை.

ரூபினிதான் இந்த நோட்டு வாங்கிக் கொடுத்தாள். "தேதி போட்டு எல்லாத்தயும் எழுதி வைங்கக்கா. பின்னாடி யாராச்சும் கேட்டா காட்டலாம்." அவளும் என்னோடு சேண்டிங்கில்தான் இருக்கிறாள். நாற்காலிக் கால், மேசைக் கால், கட்டில் சட்டம் எல்லாவற்றையும் மெஷினில் தேய்த்து வழவழப்பாக்குவது எங்கள் வேலை. தெப்ராவில் இந்தத் தொழிற்சாலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகிறது. பதினோரு வருஷமும் அதே மெஷின், அதே மரத்தூள். கம்பெனி கொடுக்கும் மாஸ்க் இரண்டு மணி நேரத்தில் மாவு சலித்த துணி மாதிரி ஆகிவிடும். புதுசு கேட்டால் நாளைக்கு என்பார்கள்.

இன்று அர்ச்சுனன் அண்ணனிடம் வாய் விட்டுக் கேட்டுவிட்டேன். அவர்தான் எங்கள் செக்‌ஷன் சூப்பர்வைசர். என்னைப் பேக்கிங்குக்கு மாற்றுங்கள் என்றேன். பேக்கிங் அடுத்த கட்டிடம், அங்கே தூள் கிடையாது.

"கம்பெனியோட பேனல் டாக்டர் எழுதிக் கொடுத்தா மாத்தலாம். நான் என்ன பண்றது லா?" என்றார்.

சரி. வெள்ளிக்கிழமை போகிறேன். இருப்பதை இருக்கிறது என்று எழுத ஒரு டாக்டருக்கு என்ன கஷ்டம்?

9 மே, வெள்ளி

எழுதவில்லை!

வெளியே போய்வர ஒன்றரை மணி நேரத்துக்கு டைம் ஸ்லிப் கொடுத்தார்கள். கம்பெனி வேன் என்னைப் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டுப் போனது. மேம்பாலம் ஏறி இறங்கி, கடை வரிசை முழுக்க ஓடி, மூன்று மாடி ஏறினேன். லிஃப்ட் கிடையாது. மேலே போய்ச் சேர்ந்தபோது புடவைக் கடையில் ஓடி அலைந்தவள் மாதிரி வியர்த்துக் கொட்டியது. உட்காரக்கூட இல்லை, பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் நாச்சியப்பன் நல்ல மனிதர்தான். வெள்ளை முடி, மெதுவான பேச்சு. விளக்கை வைத்து மூக்குக்குள் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு? காத்து போகுதே" என்றார். எனக்கே ஆச்சரியம், காற்று போய்க்கொண்டுதான் இருந்தது.

"இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"பரவாயில்ல டாக்டர்."

ஏன்டி அப்படிச் சொன்ன? ஏன்? வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று நாலு தடவை கேட்டேன். சின்ன வயசில் சாஆவில் எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு அம்மா கூட்டிப் போகும்போதெல்லாம் சொல்லிக் கொடுத்தது அது; அங்கே மருந்து கொடுப்பவரை டிரெஸர் என்போம். டிரெஸர் கேட்டா பரவாயில்லன்னு சொல்லு, மூக்கால அழுதா கத்துவாரு. காய்ச்சல் நூற்றுமூன்று இருந்தாலும் பரவாயில்லைதான். நாங்கள் எல்லோருமே அப்படித்தான், டாக்டர் முன்னால் உட்கார்ந்தால் நாக்கு தானாகச் சொல்லிவிடும்.

வேன் தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைவதற்குள் மறுபடி அடைத்துக்கொண்டது.

14 மே, புதன்

அடைப்பு. நெத்திலிச் சம்பல் செய்தேன். மகள் லோஷினி இரண்டு தட்டு சாப்பிட்டாள். எனக்குக் காரம் மட்டும் தெரிந்தது, மணம் ஒன்றும் இல்லை.

20 மே, செவ்வாய்

இரண்டாவது தடவை. அதே மேம்பாலம், அதே மூன்று மாடி, அதே விளக்கு. "கிளியரா இருக்கேம்மா." இந்தத் தடவை பரவாயில்லை என்று சொல்லவில்லை, ரொம்ப கஷ்டம் டாக்டர் என்று சொன்னேன். ஆனால் அதைச் சொன்ன குரல் மணி மாதிரி இருந்தது. அவர் என் முகத்தை ஒரு மாதிரி பார்த்தார்.

திரும்பி வந்தால் அர்ச்சுனன் அண்ணன் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "உங்க மூக்கு கிளினிக்கப் பாத்தா மட்டும் நல்லாயிடுதோ? நல்ல நடிப்பு" என்றார். லைனில் நாலு பேர் சிரித்தார்கள்.

நடிப்பாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷத்தில் நான் எத்தனை நாள் லீவு போட்டேன் என்று கார்டை எடுத்துப் பாருங்க, தீபாவளிக்கு முந்தின நாள்கூட ஓவர்டைம் பாத்தவ நானு, என்னைப் போயி நடிப்புன்னு சொல்றீங்களே, வாய் கூசல? கத்தினேன். அப்படிக் கத்திக்கொண்டிருக்கும்போதே மூக்கு திறந்துகொண்டது. எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

"பாருங்க, குரலு எவ்ளோ சுத்தமா வருது!" என்று கையைத் தட்டினார்.

வயிற்றெரிச்சல். இந்த மூக்கு யார் பக்கம்?

25 மே, ஞாயிறு

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். ரூபினி எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள், இதையுமா? நோட்டை அவளிடம் காட்டும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட வேண்டும்.

லோஷினி மத்தியானம் டியூஷனுக்குப் போய்விட்டாள். வெளியே நல்ல மழை. அவர் அறையில் படுத்திருந்தார். நான் துணி மடித்து வைக்க உள்ளே போனேன். ஆறு மாதமாக நான் ஹாலில், அவர் அறையில். சண்டை இல்லை, என் மூச்சுச் சத்தத்தில் அவர் தூங்க முடியாது, நாலரைக்கு எழுந்து கடற்பாலம் தாண்ட வேண்டியவர். அவ்வளவுதான். ஆனாலும் ஆறு மாதம்.

துணி மடிக்கவில்லை.

பிறகு படுத்தபடியே மழையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது அவர் தலையில் தேய்க்கும் எண்ணெயின் வாசம் வந்தது. வாசம்! எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு துவாரத்திலும் காற்று தாராளமாகப் போய் வந்தது. "என்னாச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டார். "மூக்கு தொறந்துருச்சுங்க" என்றேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

அரை மணி நேரத்துக்கும் மேலே நன்றாக இருந்தது. படுத்தே தூங்கினேன். ஐந்தரைக்கு லோஷினி வந்து கதவைத் தட்டும்போது பழையபடி அடைத்திருந்தது.

படி ஏறினால் திறக்கிறது. கோபம் வந்தால் திறக்கிறது. இப்போது இதுவும். மூன்றுக்கும் பொது என்ன? நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, வேறென்ன.

அப்படியென்றால் நான் கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுவது என் மூக்கே இல்லை. ஓடி வந்த மூக்கு.

28 மே, புதன்

சோதித்துப் பார்த்தேன். எங்கள் பெர்மாஸ் ஜெயா பிளாட்டில் கீழேயிருந்து நாலாவது மாடிக்கு இரண்டு தரம் ஓடி ஏறினேன். மூன்றாம் மாடி சீன ஆன்ட்டி தீப்பிடித்துவிட்டதா என்று கேட்டாள். திறந்தது. போனில் மணி பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். இருபத்திரண்டு நிமிடம். பிறகு வலது பக்கம் அடைத்தது, அப்புறம் இடது.

நேற்றும் இருபது நிமிடம்தான். எழுதி வைக்கிறேன்.

3 ஜூன், செவ்வாய்

மூன்றாவது தடவை. இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வேன் ட்ரைவரிடம் கெஞ்சியும் சாலையின் அந்தப் பக்கம்தான் இறக்கிவிட்டான். மேலே ஏறியதும் கவுன்டர் பெண்ணிடம், நான் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு உள்ளே போகிறேன் என்றேன். "டாக்டர் கூப்பிடறாரு, இப்ப போகலன்னா நம்பர் போயிடும்" என்றாள். டைம் ஸ்லிப்பில் மணி ஓடிக்கொண்டிருந்தது.

டாக்டரிடம் சொன்னேன். ஓடினா தொறக்குது டாக்டர், உக்காந்தா அடைக்குது, என்னை அரை மணி நேரம் கழிச்சுப் பாருங்க. அவர் சிரித்தார். கிண்டல் சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் மோசம். குழந்தையிடம் சிரிப்பது மாதிரி. "இன்டர்நெட்ல படிச்சீங்களா? வெளிய இருவது பேர் இருக்காங்கம்மா. நான் பார்க்கறதத்தானே எழுத முடியும்?"

பார்ப்பதைத்தான் எழுத முடியுமாம். நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள முடியாதாம். "இப்ப" என்று முதல் தடவை அவர் கேட்டபோது அந்த நிமிடத்தைத்தானே கேட்டார்? மற்ற இருபத்திமூன்றரை மணி நேரத்தை யார் கேட்பது?

வேனில் அழுதேன். அழுதால் மட்டும் திறப்பதில்லை, நன்றாக அடைக்கிறது.

11 ஜூன், புதன்

திங்கட்கிழமை வீட்டுப் பக்கத்தில் வேறு கிளினிக்குக்கு என் கைக்காசில் போனேன். பார்த்த உடனே, உள்ளே நன்றாக வீங்கியிருக்கிறது என்று இரண்டு நாள் லீவுக்கு எம்.சி. எழுதிக் கொடுத்தார் அந்த டாக்டர். அங்கே மாடி இல்லை, கீழ்த்தளம். ஒரு மணி நேரம் காத்திருந்துதான் உள்ளே போனேன். அதனால்தான்!

இன்று அர்ச்சுனன் எம்.சி.யை வாங்கிப் பார்த்துவிட்டு, "பேனல் இல்லையே. செல்லாது" என்று மேசையில் போட்டார். இரண்டு நாளும் வராத கணக்கில் சேர்த்துவிட்டார். இனிமேல் அவருக்கு அண்ணன் பட்டம் கிடையாது, என் நோட்டிலாவது.

18 ஜூன், புதன்

விளக்கம் கேட்டு ஷோ காஸ் லெட்டர்.

"பொய்யான மருத்துவக் காரணம் காட்டி வேலையைத் தவிர்த்ததாக" - பொய்யான! அப்புறம் கீழே ஆதாரம் போட்டிருக்கிறார்கள். மூன்று முறை பரிசோதித்ததில் குறை எதுவும் தென்படவில்லை. மே ஒன்பதாம் தேதி நோயாளியே தனக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டரிடம் கூறியுள்ளார்.

நான் ஒன்றும் இல்லைன்னா சொன்னேன்? பரவாயில்லன்னு சொன்னேன். அது மரியாதைக்குச் சொல்றது. வீட்டுக்கு வந்த ஆளு தண்ணி குடிக்கிறீங்களான்னு கேட்டா வேணாங்கன்னு சொல்ற மாதிரி. அதைப் போயி ஆங்கிலத்துல எழுதி, ஃபைல்ல வெச்சு, இப்ப என் கழுத்துல போடறாங்க.

ஜூலை பதினைந்தாம் தேதி விசாரணை. திருப்தியான விளக்கம் இல்லாவிட்டால் வேலை நீக்கம் வரை நடவடிக்கை எடுக்கப்படலாம் என்று கடைசி வரி. லோஷினிக்கு இந்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை. அவள் முன்னால் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியவில்லை. வேலை போனால்கூட எங்காவது கிடைக்கும். பொய்க்காரி என்று எழுதித் துரத்திவிட்டால் எந்தத் தொழிற்சாலையில் போய் நிற்பேன்?

லெட்டரைப் படித்துக்கொண்டிருந்த பத்து நிமிடமும் மூச்சு அவ்வளவு சுகமாக வந்தது. அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம்.

24 ஜூன், செவ்வாய்

அரசாங்கக் கிளினிக்கில் காட்டினேன். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கவுன்டர் பையன் முதலில் செப்டம்பர் தேதி கொடுத்தான். ஷோ காஸ் லெட்டரை எடுத்துக் காட்டினேன். அவன் அதைப் படித்துவிட்டு உள்ளே போய் வந்தான். யாரோ ஒருவர் வரவில்லை என்று சொல்லிவிட்டாராம், ஜூலை எட்டு. அந்தப் பையனுக்குக் கோடிப் புண்ணியம்.

8 ஜூலை, செவ்வாய்

ஏழு மணிக்குப் போய் நம்பர் எடுத்தேன். எழுபத்தாறு. பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள்.

நாலரை மணி நேரம்! சுற்றி எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு பாட்டையா, "இதுக்குள்ள பத்து ஊருக்குப் போயிட்டு வந்துருக்கலாம், நீங்க ஏம்மா ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?" என்றார். நான் கோபப்படக் கூடாது ஐயா என்று சொல்ல முடியுமா? பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மீன் குழம்பை நினைத்தேன், லோஷினியின் சின்ன வயசை நினைத்தேன், அர்ச்சுனன் முகம் வந்தால் உடனே மாற்றினேன். என் நம்பர் வரும்போது மூக்கு சிமென்ட் வைத்துப் பூசினது மாதிரி இருந்தது. இந்தத் தடவை அடைத்த மூக்கோடு டாக்டர் முன்னால் உட்கார்ந்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்தது.

டாக்டர் நூருல் சின்னப் பெண். மெல்லிய குழாயில் கேமரா வைத்து உள்ளே விட்டு, திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். உள்ளே இரண்டு பக்கமும் சதை சிவந்து வீங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக நான் சொன்னது அங்கே திரையில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்போது குறையும்?" என்று மலாயில் கேட்டாள். படி ஏறினால் என்றேன். கோபம் வந்தால் என்றேன். "வேற?" என்றாள். தரையைப் பார்த்துக்கொண்டு, புருஷனோட இருந்தா என்றேன். அவள் சிரிக்கவில்லை, நிமிரக்கூட இல்லை, எழுதிக்கொண்டே போனாள்.

பிறகு நிதானமாக விளக்கினாள். மூக்குக்குள் இருக்கும் அந்தச் சதை முழுக்க இரத்தக் குழாய்கள். தூளால் அது வீங்கிப்போய் இருக்கிறது. உடம்பு ஓடும்போதோ கொதிக்கும்போதோ கிளர்ச்சி அடையும்போதோ அந்தக் குழாய்கள் சுருங்கும், சதை வற்றும், காற்றுக்கு வழி கிடைக்கும். உடம்பு அடங்கியதும் மறுபடி வீங்கும். "அவ்வப்போது திறப்பதால் நோய் இல்லை என்று ஆகாது. எல்லோருக்கும் உடம்பு இப்படித்தான்" என்றாள். எல்லோருக்கும்! எனக்கு மட்டும் இல்லை.

கடிதம் கொடுத்தாள். மரத்தூளால் வந்த வீக்கம், தூள் இல்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும், அரை மணி நேர ஓய்வுக்குப் பிறகுதான் பரிசோதிக்க வேண்டும். தற்காலிகமாகக் குறையும் சந்தர்ப்பங்கள்: உடல் உழைப்பு, கோபம், தாம்பத்திய உறவு.

பஸ்ஸில்தான் அந்தக் கடைசி வார்த்தையைப் பார்த்தேன். அலமாக்!

14 ஜூலை, திங்கள்

நாளைக்கு விசாரணை. கடிதத்தைக் கொடுத்தால் அந்த வார்த்தையையும் கொடுக்க வேண்டும். அர்ச்சுனனும் அந்த அறையில் இருப்பார்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நீங்க சொல்லுங்க, கொடுக்கவா? அவர் ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே, "நாம கட்டுன புருஷன் பொண்டாட்டி, இதுல என்னா வெக்கம்? பொய்ன்னு எழுதிருக்கான் பாரு, அதுக்குத்தான் வெக்கப்படணும். குடு" என்றார்.

கொடுக்கிறேன்.

15 ஜூலை, செவ்வாய்

எல்லாவற்றையும் எழுதுகிறேன், ஒரு சொல் விடாமல்.

மீட்டிங் அறையில் ஏர்கான் குளிர். ஆட்கள் விவகாரம் பார்க்கும் அலுவலகத்து அம்மா புவான் ரோஸ்லினா, மேனேஜர் மிஸ்டர் லிம், ஓரமாக அர்ச்சுனன். என் பக்கம் ரூபினி, துணைக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம் என்று லெட்டரில் இருந்தது. நான் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்து வராந்தாவில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே போகும்போது வாயால்தான் மூச்சு.

புவான் கடிதத்தை உரக்கப் படித்தாள். உடல் உழைப்பு என்றாள், கோபம் என்றாள், மூன்றாவதில் குரல் தாழ்ந்தது. என் காது சூடானது. சபார் பிரவீனா, பொறுமை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். கோபம் வந்தால் தொலைந்தேன்.

மிஸ்டர் லிம், "கடிதம் யாரும் வாங்கலாம், எங்கள் டாக்டர் மூன்று முறை பார்த்திருக்கிறார்" என்றார். நான் மலாயிலேயே, "நீங்களே பாருங்க மிஸ்டர் லிம். கண்ணாடி இருந்தா குடுங்க புவான்" என்றேன். என் பேச்சே மூக்கடைத்துத்தான் வந்தது. புவான் கைப்பையிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்துத் திறந்து, அதன் கண்ணாடியை என் மூக்குக்குக் கீழே அவளே பிடித்தாள். வாயை மூடிக்கொண்டு மூச்சு விட்டேன். வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் பொட்டு அளவு ஆவி படிந்தது. புவான் அதை மிஸ்டர் லிம்மிடம் காட்டினாள். அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார்.

அப்போதுதான் அர்ச்சுனன் வாயைத் திறந்தார். தமிழில், மற்ற இரண்டு பேருக்கும் புரியாது என்ற தைரியத்தில், சிரித்துக்கொண்டே: "மருந்துதான் வீட்டுலயே இருக்கே. அப்புறம் எதுக்கு பேக்கிங்? சுகுமாறன ரெண்டு நாள் லீவு போடச் சொல்லுங்க லா."

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எழுந்துவிட்டேன். ரூபினி "அக்கா, வேணாம்!" என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். "என் புருஷன் பேர உங்க வாயால சொல்லாதீங்க! பதினோரு வருஷம் உங்க தூள நான் தின்னுருக்கேன். உங்க பொண்ணு கல்யாணத்துக்கு வந்து எல போட்டவ நானு. அந்தப் பொண்ணுக்கு ஒரு நோவு வந்து டாக்டர்கிட்ட உண்மைய சொன்னா, இப்படித்தான் அத ஊர்ல வெச்சு சிரிப்பீங்களா? மனுசந்தானா நீங்க?"

மனுசந்தானா என்று சொல்லும்போதே கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாக வந்தது. அர்ச்சுனன் முகத்தில் மெல்ல ஒரு புன்னகை. மேனேஜரைப் பார்த்து, "டெங்கார், கேட்டீர்களா பாஸ்? இப்போது அடைப்பு எங்கே?" என்றார் மலாயில்.

எனக்கு ஒரு நொடி எல்லாம் போய்விட்டது என்றுதான் தோன்றியது. முக்கால் மணி நேரம் கட்டிக் காத்ததை நாலு வார்த்தையில் உடைத்துவிட்டாரே என்று. பிறகுதான் புத்தி வேலை செய்தது. புவான் கையிலிருந்த கண்ணாடியை நானே இழுத்து மூக்குக்குக் கீழே வைத்தேன். இரண்டு பக்கமும் பெரிய வட்டமாக ஆவி. மேசையில் வைத்துவிட்டு மலாயில் சொன்னேன்.

"பாருங்க புவான். தொறந்துருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னால நீங்களே புடிச்சுப் பாத்தீங்க, அடைச்சிருந்துச்சு. நடுவுல என்ன நடந்துச்சு? நான் மருந்து போட்டேனா? இந்த ஆளு என்னைக் கேவலப்படுத்தினாரு. கோபம் வந்துச்சு. கடிதத்துல ரெண்டாவதா என்ன எழுதிருக்கு? படிங்க. சத்தமாப் படிங்க!"

புவான் படிக்கவில்லை. அர்ச்சுனன் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்றாள். சும்மா விளையாட்டு என்றார். ரூபினி எழுந்து நின்று, அவர் சொன்னதை வரிக்கு வரி மலாயில் சொன்னாள். லீவு போடச் சொன்னது வரைக்கும். ரூபினி எப்போதும் அதிர்ந்து பேசாதவள். புவானின் முகம் சிவந்துவிட்டது.

மிஸ்டர் லிம் கடிகாரத்தைப் பார்த்தார். "அரை மணி நேரம் என்றுதானே போட்டிருக்கிறது? உட்காரலாம்" என்றார். அர்ச்சுனனை வெளியே போகச் சொன்னார். நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். யாரோ பாலில்லாத டீ, தே-ஓ, கொண்டுவந்து வைத்தார்கள். மிஸ்டர் லிம் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்தைந்து நிமிடம் கழித்துப் புவான் மறுபடி கண்ணாடியைப் பிடித்தாள். வலது பக்கம் ஒன்றும் இல்லை. இடது பக்கம் பொட்டு.

"மூணையும் எழுதுங்க. நேரம் போட்டு எழுதுங்க" என்றேன். எழுதினாள்.

16 ஜூலை, புதன்

உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. முடிவு இன்னும் சொல்லவில்லை. அர்ச்சுனன் என் மெஷின் பக்கமே வரவில்லை. லைனில் யாரும் சிரிக்கவும் இல்லை.

28 ஜூலை, திங்கள்

லெட்டர் வந்தது. குற்றச்சாட்டு வாபஸ், இரண்டு நாள் எம்.சி. செல்லும், பேக்கிங்குக்கு மாற்றம். அர்ச்சுனனுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார்களாம், ரூபினி சொன்னாள்.

புவான் மேசையில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். அப்போதுதான் மாற்றத்துக்கு என்ன காரணம் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். "நிர்வாகத்தின் கருணை அடிப்படையில்."

கருணையா? பேனாவை வைத்துவிட்டேன். "நான் பிச்சை கேக்கல புவான். மூக்கு வீங்கிருக்குன்னு சொன்னேன், வீங்கிருக்கு. கருணைய எடுத்துட்டு மருத்துவக் காரணம்ன்னு போடுங்க, கையெழுத்துப் போடறேன்." வேலை கிடைத்ததே போதும் என்று இருந்திருக்கலாம் இல்லையா என்று கூட வந்த ரூபினி தலையில் அடித்துக்கொண்டாள். புவான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி அந்த வரியை மாற்றி வேறு பிரின்ட் எடுத்தாள்.

போட்டேன்.

டாக்டர் நாச்சியப்பன் போன் செய்தார். கம்பெனியிலிருந்து டாக்டர் நூருல் கொடுத்த கடிதத்தின் நகல் போயிருக்கிறது. "நீங்க அன்னிக்கு சொன்னீங்க, நான் கவனிச்சிருக்கணும்மா. தப்புத்தான்" என்றார். வயசானவர் தன் வாயால் சொல்கிறார். வழக்கமாக இந்த இடத்தில் நான் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. "ஆமாங்க டாக்டர், கவனிச்சிருக்கணும்" என்றேன். அடுத்த வாரம் ரூபினியும் இதே அடைப்போடு வருவாள், அவளை அரை மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

9 ஆகஸ்ட், சனி

பேக்கிங்கில் முதல் வாரம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்பிரேயைக் காலையும் மாலையும் அடிக்கிறேன். அடைப்பு இருக்கிறது, ஆனால் ஒரு பக்கம்தான்.

24 ஆகஸ்ட், ஞாயிறு

ஹால் நாற்காலியில் லோஷினி புத்தகங்களை அடுக்கிவிட்டாள். அது இனிமேல் அவளுக்காம்.

10 செப்டம்பர், புதன்

மத்தியானம் அர்ச்சுனன் பேக்கிங்குக்கு வந்தார், அந்த விசாரணைக்குப் பிறகு முதல் தடவையாக. நாற்பது பெட்டியில் ஒரு மேசைக் கால் குறைகிறது என்று வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியிருக்கிறார், நாங்கள்தான் போடவில்லை என்று வாசலில் நின்றுகொண்டே சத்தம் போட்டார். கால் எங்களிடம் வந்தால்தானே போடுவது? அவர் செக்‌ஷனிலிருந்து நாற்பது குறைவாக வந்ததற்கு நான் கையெழுத்து வாங்கி வைத்திருந்தேன். தாளை எடுத்து நீட்டி, எல்லோர் முன்னாலும் நல்லா நாலு கேட்டேன். உங்க தப்ப எங்க தலையில கட்டாதீங்க, இது சேண்டிங் இல்ல. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, காது சுட்டது. தாளைப் பார்த்தார், போய்விட்டார்.

திரும்பி வந்து இரண்டு பெட்டி ஒட்டின பிறகுதான் ஞாபகம் வந்தது, மூக்கைக் கவனிக்கவே இல்லையே என்று. கவனித்தேன். கோபத்தால் அதில் ஒரு மாற்றமும் இல்லை. அவர் வருவதற்கு முன்பிருந்தே திறந்துதான் இருந்தது.